நங்கூரத்துக்கு இன்னொருவர் போட்ட விண்ணப்பம்

1

இதை நல்ல மனதோடு எழுதவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் குறிப்புகளை ஊரில் படிக்கும் நீங்கள், அந்தமானில் கடல் எப்படி இருக்கிறது, மழை எப்படிப் பெய்கிறது என்று கேட்கிறீர்கள். கடல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மழை தேவைக்கு மேல் பெய்கிறது. எனக்குத்தான் கொஞ்ச நாளாக வயிறு எரிகிறது. அதைத் தவிர வேறு எதையும் எழுத வரவில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து நான் போர்ட் பிளேருக்கு வந்து இருபத்து நான்கு வருடமாகிறது. அபர்டீன் பஜாரில், மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் என் கடை இருக்கிறது. ஃபார்ம் கடை என்பார்கள். இந்தத் தீவுகளில் மூச்சு விடுவதற்கு மட்டும்தான் விண்ணப்பம் வேண்டாம். கப்பலில் போக, தீவுவாசி அட்டை வாங்க, வாங்கிய அட்டையைப் புதுப்பிக்க, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, கேஸ் இணைப்பை ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு மாற்ற, எல்லாவற்றுக்கும் ஒரு தாள். அலுவலகத்துக்கு ஒரு அச்சிட்ட படிவம். கட்டத்துக்கு வெளியே ஓர் எழுத்து போனால் கவுன்டரில் இருப்பவர் தாளைத் திருப்பித் தள்ளுவார். வேறு தீவிலிருந்து படகேறி வந்தவர் மறுபடி படகேறித் திரும்பிப் போகவேண்டியதுதான்.

இருபது வருடத்துக்கு முன் இதற்காகவே நான் ஒரு மென்பொருள் எழுதினேன். குடும்ப விவரத்தை ஒரு முறை தட்டினால் போதும். பிறகு எந்தப் படிவத்தை பிரின்டரில் செருகினாலும் எழுத்து அந்தந்தக் கட்டத்துக்குள் போய் உட்காரும். ஒவ்வொரு படிவத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து, கட்டுக் கட்டாகத் தாளை வீணடித்து எழுதியது. 'நங்கூரம்' என்று பெயர் வைத்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. பெயர் யோசித்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துபோன அன்று ஒரு கப்பல் நாள் முழுவதும் அசையாமல் நின்றிருந்தது.

இருபது வருடம் நிறைகிறதே, கடைக்குப் புதுப் பலகை மாட்டி, பெயரையும் முறைப்படி பதிவு செய்துவிடலாம் என்று தோன்றியது. எங்கள் கடைத்தெருவுக்கே கணக்குப் பார்க்கும் ஆடிட்டரிடம் போனேன். தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வடிவேல் காரு, இந்தப் பேருக்கு ஏற்கெனவே ஒருத்தர் அப்ளை பண்ணிட்டாரே. டிரேட்மார்க் பத்திரிகையில விளம்பரமும் ஆயிடுச்சு."

"யாரு?"

திரையை என் பக்கம் திருப்பினார். தியாகராஜன், ரங்கத், மத்திய அந்தமான்.

"ஆட்சேபனை இருந்தா விளம்பரத்துல இருந்து நாலு மாசத்துக்குள்ள போடணும். இன்னும் பத்தொம்பது நாள் பாக்கி. பழைய பில்லு, பழைய ஸ்க்ரீன், எதாவது ப்ரூஃப் கொண்டு வாங்க. முதல்ல உபயோகிச்சது நீங்கதான்னு காட்டினா அவர் அப்ளிகேஷன் நிக்காது."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. தீவு முழுவதற்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவன் நான். எனக்குச் சேரவேண்டிய ஒரே விண்ணப்பத்தை இன்னொருவன் நிரப்பியிருந்தான்.

2

தியாகு யார் என்று சொல்ல வேண்டும். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களை நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ரங்கத்துக்கு வந்து, பஸ் நிலையத்துக்கு எதிரில் ஃபார்ம் கடை வைத்தான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். நங்கூரத்தை என்னிடம் முதலில் வாங்கிய ஆள்.

அப்போது இங்கே இணையம் என்பது பெயருக்குத்தான். கடலடிக் கம்பி வருவதற்கு முன் ஒரு கடிதத்தை அனுப்பிவிட்டு டீ குடித்துத் திரும்பினாலும் பாதிதான் போயிருக்கும். அதனால் மென்பொருள் பஸ்ஸில் போனது. ஏதாவது அலுவலகம் படிவத்தை மாற்றினால் நானும் கட்டத்தை மாற்றி, பென்டிரைவில் ஏற்றி, உறையில் போட்டு, விடிவதற்கு முன் கிளம்பும் பஸ் டிரைவரிடம் கொடுப்பேன். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வாகனங்களை வரிசை கட்டி விடும்வரை காத்திருந்து, காட்டைத் தாண்டி, பஸ்ஸோடு சேர்ந்து படகில் ஏறி இறங்கி, அது மதியம் ரங்கத் போய்ச் சேரும். தியாகு எடுத்துக்கொண்டு அதே உறையை மாயாபந்தர் பஸ்ஸில் போடுவான். மாயாபந்தர்க்காரர் திக்லிப்பூருக்குப் போடுவார். ஒரு வாரத்தில் பென்டிரைவ் மீன் வாசனையோடு எனக்குத் திரும்பி வந்துவிடும். உங்கள் ஊரில் அப்டேட் என்றால் கைப்பேசியில் ஒரு சிவப்புப் புள்ளி. எங்களுக்கு டிரைவரின் சட்டைப்பை.

பதினைந்து வருடம் அப்படி ஓடியது. பிறகு கம்பி வந்தது. தியாகு கடையில் உட்கார்ந்தபடியே வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு நங்கூரத்தைக் கைப்பேசியில் ஓடுகிற மாதிரி செய்தான். நான் கம்ப்யூட்டரில் பட்டம் வாங்கியவன். மதுரையில் விடுதியில் தங்கி, மூன்று வருடம் கட்டுக் கட்டாக நோட்டு எழுதிப் படித்தவன். எனக்குக் கைப்பேசியில் எழுதத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவன் அழைப்பை எடுப்பதைக் குறைத்தேன். எடுத்தாலும், "கடையில கூட்டம், அப்புறம் பேசுறேன்" என்பேன். கூட்டம் இருக்காது.

எரிச்சலின் உச்சம் எங்கள் ஊரின் பெயர் மாறியபோது வந்தது. போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. யாரும் என்னிடம் ஆட்சேபனை கேட்கவில்லை. எல்லாப் படிவத்திலும் ஊர்ப்பெயருக்கு விட்ட கட்டம் போதவில்லை. நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு நாள் ஆயிற்று. தியாகுவின் கைப்பேசி நங்கூரம் மறுநாள் காலையிலேயே புதுப் பெயரைச் சரியாக அடித்தது. என் கடைக்கு முன்னாலேயே, என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு மலையாளி டீச்சர், தன் கைப்பேசியை இன்னொருவரிடம் காட்டி, அண்ணனுக்கு இங்கே சொல்கிற ஹிந்தி 'பாய்' சேர்த்து, "இது தியாகு பாயோட நங்கூரம், ரொம்ப நல்லது" என்றார். நான் மாடிப்படியில் கேட்டுக்கொண்டே நின்றேன்.

3

பொறாமை எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. அப்பா அருப்புக்கோட்டையில் பன்னீர் சோடா போட்டு விற்றவர். நீலத்தில் மயில் படம் போட்ட லேபிள். அடுத்த தெருவில் ஒருவர் அதே நீலத்தில் கிளி படம் போட்டு இறக்கினார். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சட்டம், பதிவு, ஆட்சேபனை எதுவும் அப்பாவுக்குத் தெரியாது. ஒரு நாள் நேராக அந்தக் கடைக்குப் போய் ஒரு சோடா வாங்கிக் குடித்தார். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "பன்னீர் கம்மி" என்று சொல்லிவிட்டு வந்தார். அதன் பிறகு வருடக்கணக்காக என்னைத்தான் அனுப்பி அந்தச் சோடாவை வாங்கிவரச் சொல்லிக் குடித்துப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் பன்னீர் கம்மி. ஆனால் ஒரு பாட்டிலையும் மிச்சம் வைத்ததில்லை.

அபர்டீன் பஜாரில் பெயர்களைப் பற்றி யாரும் இவ்வளவு வருத்தப்படுவதில்லை. மதுரை என்ற பெயரில் மூன்று மெஸ் இருக்கின்றன. ஒன்றை நடத்துபவர் கடலூர்க்காரர், ஒன்றை நடத்துபவர் ஸ்ரீகாகுளத்துக்காரர், மூன்றாமவர் இதுவரை மதுரையைப் பார்த்ததே இல்லை. ஒரே பெயரில் இரண்டு ஜவுளிக்கடை இருந்தால் ஒருவர் 'ஒரிஜினல்' என்று சேர்ப்பார், அடுத்தவர் 'பழைய' என்று சேர்ப்பார். சண்டை அத்தோடு முடிந்துவிடும். கடல் தாண்டி வந்த எல்லோருமே ஏதோ ஓர் ஊர்ப்பெயரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தானே, யாருடையது முதல் என்று கேட்டால் எல்லோருக்கும் சிக்கல்.

இதையெல்லாம் நான் நண்பர்களிடம் பெரிய மனதோடு பேசியிருக்கிறேன். மென்பொருளைப் பூட்டி வைக்கக்கூடாது, எழுதியது நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டும், மாதா மாதம் வாடகை கேட்கிற கம்ப்யூட்டர் கம்பெனிகள் எல்லாம் ஒரு பிழைப்பா என்று டீக்கடையில் முழங்கியிருக்கிறேன். அடுத்தவன் பொருளைப் பற்றிப் பேசும்போது தாராளம் எளிதாக வருகிறது.

4

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி சரோஜா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து கேட்டாள். மகள் நிலா சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்து இரண்டு வயது. படம் வரைந்து வடிவமைக்கிற வேலை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். என்னிடம் தமிழ், அம்மாவிடம் பாதி, தோழிகளிடம் முழு ஹிந்தி, கனவு எதில் காண்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தியாகுவைச் சித்தப்பா என்பாள்.

"விளம்பரத்துல லோகோகூடப் போட்டிருக்கான்மா. கயிறு சுத்துன நங்கூரம். யாரோ நல்லா வரைஞ்சு குடுத்திருக்கான்" என்றேன்.

நிலா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான்தான்பா வரைஞ்சேன்."

சரோஜா போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"எப்ப?"

"போன வருஷம். சித்தப்பா கேட்டாங்க. மத்லப், அதாவது, ஆப்புக்கு ஒரு ஐகான் வேணும்னு. அவ்ளோதான். ரிஜிஸ்டர் பண்றது எனக்குத் தெரியாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிப்பா சொல்றது? சித்தப்பா பேரை எடுத்தாலே உங்க மூஞ்சி மாறிடுது. டாபிக்கே மாத்திடுவீங்க. நம்ம வீட்ல அவங்க பேரையே எடுக்க முடியல."

என் இருபது வருடக் கடைக்கு அவள் ஒரு படம் வரைந்து கொடுத்ததில்லை. நான் கேட்டதில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில், என் பெயர் போனது மட்டுமில்லாமல் என் பிள்ளையின் கைவேலையும் அவன் பக்கம் போய்விட்டது என்றுதான் மனம் நின்றது. சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். ஆட்சேபனை போட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

5

போடுவதற்கு ஆதாரம் வேண்டும். என்னிடம் இல்லை. இங்கே கம்ப்யூட்டர் வைரஸால் சாவதில்லை, உப்புக் காற்றால் சாகிறது. நங்கூரத்தை எழுதிய என் பழைய கணினி பிளக் வைத்த இடமெல்லாம் பச்சை பூத்து எப்போதோ போய்விட்டது. ரசீது கொடுத்து விற்கும் வழக்கமும் எனக்கு இருந்ததில்லை. உறையில் போட்டு பஸ்ஸில் ஏற்றியதோடு சரி.

மாயாபந்தரில் மண்டல் பாபு என்று ஒரு வங்காளி இருக்கிறார். படகுத்துறைக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை. என் பழைய நங்கூரத்தை இன்னும் அவர் அதே பழைய கணினியில் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். திறந்ததும் வருகிற முதல் திரையை ஒரு படம் எடுத்தால் போதும், அதில் என் பெயரும் கடைப் பெயரும் இருக்கும் என்று ஆடிட்டரிடம் சொல்லிவிட்டு விடியலில் பஸ் ஏறினேன். என் பென்டிரைவ்கள் போன பாதையில் நான் முழுதாகப் போனது அதற்கு முன் இரண்டே முறை. ரங்கத்தில் பஸ் நின்றபோது தியாகுவின் கடைப் பக்கம் பார்க்கக்கூடாது என்று மறுபக்க ஜன்னலில் உட்கார்ந்தேன்.

மண்டல் பாபு கணினியின் மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தார். கரப்பான் வராமலிருக்க உள்ளே போட்டிருந்த அந்துருண்டையின் நெடி அடித்தது. "பதிமூணு வருஷமா ஓடுது. இதைத் தொடவே விடமாட்டேன்" என்று ஹிந்தியில் பெருமையாகச் சொன்னார். பொத்தானை அழுத்தினார். அதுவும் அவரைப் போலவே முனகிக்கொண்டு எழுந்தது.

முதல் திரை வந்தது. நட்சத்திரக் குறிகளால் நான் வரைந்த நங்கூரம். கீழே பெயர். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி.

'உதவிக்கு: தியாகு, ரங்கத்.' பக்கத்தில் அவன் தொலைபேசி எண்.

என் பெயர் எங்கேயும் இல்லை. திருட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த வரியைத் தட்டியவன் யார் என்பது நினைவுக்கு வந்தது. நான்தான்.

வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். ஆரம்பத்தில் அந்த இடத்தில் என் பெயரும் எண்ணும்தான் இருந்தன. வடக்கே இருந்து பள்ளிக்கூடத்துக்காரர்களும் கடைக்காரர்களும் கூப்பிடுவார்கள். எல்லாம் ஹிந்தி. நான் அருப்புக்கோட்டையிலிருந்து கொண்டு வந்தது ஹிந்தி இல்லை. ஒரு நாள் ஒரு பள்ளித் தலைமையாசிரியை கூப்பிட்டார். பிரின்டரில் தாளை எப்படிச் செருகுவது என்று என் ஹிந்தியில் விளக்கினேன். அந்தப் பக்கம் திடீரென்று பத்துப் பேர் சிரிக்கிற சத்தம். அவர் ஸ்பீக்கரில் போட்டு ஆசிரியர் அறை முழுக்க என்னைக் கேட்க வைத்திருக்கிறார். என்ன தப்பாகச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து, அந்த ஒரு வரிக்கு இருந்த இடத்தில் என் பெயரை அழித்துவிட்டு தியாகுவின் பெயரைப் போட்டேன். இனி வடக்கே இருப்பவர்கள் அவனைக் கேட்டுக்கொள்ளட்டும் என்று பென்டிரைவை பஸ்ஸில் ஏற்றினேன். அப்பாடா என்று இருந்தது.

வடக்கு முழுவதும் இருக்கிற பிரதியெல்லாம் அதுதான். பதின்மூன்று வருடமாக என் மென்பொருளைத் திறந்த ஒவ்வொருவரும் முதலில் பார்த்தது அவன் பெயரை. ஹிந்தி தெரியாததை மறைக்க என் சொத்தை நானே இன்னொருவன் பெயருக்கு மாற்றியிருக்கிறேன். இப்படி ஒரு காரியத்தை மெயின்லேண்டில் இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

"தியாகு பாய் பஹுத் அச்சா ஆத்மி ஹை" என்றார் மண்டல் பாபு, நான் திரையையே பார்ப்பதைக் கண்டு. ரொம்ப நல்ல மனிதராம். பிறகு என்னைத் தாராளமாக விசாரித்தார், நீங்கள் அவரிடம் வேலை பார்க்கிறீர்களா என்று.

6

திரும்பும் வழியில் ரங்கத்தில் இறங்கினேன். சண்டை போடத்தான் இறங்கினேன்.

தியாகுவின் கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரிடம் ஹிந்தியில், ஒருவரிடம் வங்காளத்தில், வாசலில் நின்றவரிடம் தெலுங்கில், மூன்று வேலையும் ஒரே மூச்சில் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயிலிருந்து அந்த மொழிகள் வருவதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டான்.

"அண்ணே, வாங்க. பஸ்ஸுலயா வந்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வண்டிய எடுத்துக்கிட்டு வந்திருப்பேனே."

அவன் கார் வாங்கியதும் எனக்குத் தெரியும். உட்காரவில்லை.

"பேரை எழுதி வாங்கப் போறியாமே."

"ஆமாண்ணே." ஒளிக்கவில்லை. "போட்டு நாளாச்சு. நம்ம பேர வச்சு மெயின்லேண்டுல எவனோ ஒரு கம்பெனி ஏதோ தொடங்கப் போறான்னு காதுக்கு வந்துச்சு. அவன் எழுதி வாங்கிட்டான்னா, நம்ம ரெண்டு பேருக்கும் இல்லாம போயிரும். அதான்."

"நம்ம பேரா? எழுதுனது யாரு?"

"நீங்கதாண்ணே. நான் இல்லேன்னு சொன்னேனா? எத்தன தடவ போன் பண்ணுனேன். நீங்க எடுக்கல. வாட்ஸாப்புல கேட்டேன், ஒங்க பேருல போடவான்னு. நீலக் கோடு ரெண்டும் வந்துச்சு, பதில் வரல."

நான் என் கைப்பேசியை எடுத்து மேலே மேலே தள்ளினேன். காலை வணக்கப் படங்களுக்கும் பொங்கல் வாழ்த்துக்கும் நடுவில் அது இருந்தது. 'அண்ணே நங்கூரம் பேர ரிஜிஸ்டர் பண்ணிரலாமா. ஒங்க பேருல போடவா. சொல்லுங்க.' ஊர்ப்பெயர் மாறி, மாடிப்படியில் அந்த டீச்சர் பேசியதைக் கேட்டுவிட்டு வந்த வாரம் அது. படித்தேன். இவனுக்கு என்ன பதில் என்று மூடி வைத்தேன். என் ஆதாரத்தைத் தேடி நான் மாயாபந்தர் வரை போயிருந்தேன். அவனுடைய ஆதாரம் என் சட்டைப்பையிலேயே இருந்தது.

"ஒங்க பேருல நீங்க கையெழுத்துப் போடாம நான் போட முடியாதுண்ணே. நாள் போய்க்கிட்டே இருந்துச்சு. எம் பேருல போட்டுட்டேன். இருங்க."

கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டினான். மூலையில் இருந்த பிரின்டர் ஒரு தாளைத் தள்ளியது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கடிதம். கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் அந்தத் தாளில் முதலில் பார்த்தது ஓரத்தைத்தான். நாலு பக்கமும் சரியாக இருந்தது.

"நாலு நாளோ அஞ்சு நாளோ, நீங்க ஒங்க பேருல புதுசா போட்டுருங்க. யார் பேருல இருந்தா என்ன, வெளியாள்கிட்ட போகக் கூடாது."

சண்டை போட வந்தவன் கையில் வெற்றியைக் கொடுத்துவிட்டால் அவன் என்ன செய்வான்? மடித்துப் பையில் வைத்தேன். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டார்கள். மீன் குழம்பு சரோஜா வைப்பதைவிட நன்றாக இருந்தது. அதையும் பொறுக்க முடியவில்லை. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

7

கெடு முடிய ஆறு நாள் இருந்தது. கடிதம் மேசை டிராயரில். ஆடிட்டரிடம் கொடுத்தால் அவன் விண்ணப்பம் போய்விடும், பெயர் என்னுடையதாகும்.

கொடுப்பதற்கு முன், அந்தக் கைப்பேசி நங்கூரத்தை ஒரு முறை பார்த்துவிடலாம் என்று நிலாவிடம் கேட்டேன். அதுவரை நான் அதைத் திறந்ததே இல்லை. அவள் சந்தேகத்தோடு கொடுத்தாள். முதலில் மொழி கேட்டது. தமிழைத் தொட்டேன்.

"வாங்க. பயப்படாதீங்க, தப்பாப் போனா திருத்திக்கலாம். மொதல்ல ஒங்க பேரச் சொல்லுங்க" என்றது. தியாகுவின் குரல்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் அவனே பேசியிருந்தான். ஹிந்தியைத் தொட்டேன், அவன் குரல். வங்காளம், அவன் குரல். தெலுங்கு, அவன் குரல். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடத் தாங்களே நிரப்பிக்கொள்ளலாம் என்றாள் நிலா. நான் இருபது வருடம் ஸ்கேலை வைத்துக் கட்டத்தை அளந்தேன். கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் பயப்படுவான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பெயரை நான் எழுதி வாங்கலாம். வாங்கினால் திக்லிப்பூரிலிருந்தும் மாயாபந்தரிலிருந்தும் கூப்பிடுவார்கள். நான் என்ன பேசுவேன்? நல்ல பன்னீர் சோடாவாகத்தான் இருந்தது. கம்மி என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆடிட்டரிடம் போய், "ஆட்சேபனை இல்ல, விட்டுருங்க" என்றேன்.

"ப்ரூஃப் கிடைக்கலையா?"

"கிடைச்சுது" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

இதைத் தியாகம் என்று நீங்கள் யாராவது நினைத்தால் அது தவறு. கடிதத்தைக் கிழித்துப் போடக்கூட எனக்கு மனம் வரவில்லை. டிராயரில்தான் இருக்கிறது. இப்போதும் யாராவது என் கடையில் அவன் குரலை ஒலிக்கவிட்டால் மின்விசிறியைக் கூட்டி வைக்கிறேன். ஆனால் வீட்டில் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. சரோஜா அக்கம்பக்கத்தில், "அவரா விட்டுக் குடுத்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நிலா எனக்கு ஒரு சிவப்பு இதயம் அனுப்பியிருக்கிறாள், பக்கத்து அறையிலிருந்து. நான் யாரையும் திருத்தவில்லை.

கெடு முடிந்த மறுநாள் காலை தியாகு கூப்பிட்டான். இரண்டு வருடத்தில் முதல் முறையாக இரண்டாவது மணியிலேயே எடுத்தேன். அவனுக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. நாலு மொழி பேசுகிற வாய்க்கு அன்று ஒன்றும் வரவில்லை.

"அண்ணே" என்றான் கடைசியில். "சத்தியமாச் சொல்றேன். ஒங்கள மாதிரி ஒரு மனசு எனக்கு இல்லையேன்னு பொறாமையா இருக்குண்ணே."

லைன் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"சரியாக் கேக்கல தியாகு" என்றேன். "என்ன சொன்னே? இன்னொரு தடவ சொல்லு."